தனியாக வெல்லாததில் என்ன குறை?

‘தி குயின்ஸ் கேம்பிட்’ தொடரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இன்றும் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது. “ஆறு எபிசோடும் பிரமாதம். கடைசியில சினிமாத்தனமா முடிச்சுட்டாங்க.” 2020 அக்டோபரில் தொடர் வெளியான வாரமே என் அக்கா மகள் இதைச் சொன்னாள். பிறகு ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் ஒருவர் ஏறக்குறைய இதே சொற்களில் இதையே சொன்னார். நான் மதிக்கும் விமர்சகர்களும் இதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதினார்கள். இத்தனை பேர் சேர்ந்து சொல்வதாலேயே ஒரு கருத்து சரியாகிவிடாது. இந்தத் தீர்ப்பு தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். செஸ் எப்படி ஆடப்பட்டது என்பதையும், தொடர் ஏழு பகுதிகளில் எதைக் கட்டியெழுப்பியது என்பதையும் மறந்துவிட்டுச் சொல்லப்படும் தீர்ப்பு அது.

அவர்கள் வைக்கும் குறைகளைச் சுருக்காமல் சொல்லிவிடுகிறேன். 1968இல் மாஸ்கோ போட்டியில் தொடரின் நாயகி பெத் ஹார்மன் சோவியத் உலகச் சாம்பியன் வாசிலி போர்கோவை எதிர்கொள்கிறாள். ஆட்டம் முடியாமல் மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது. அவளிடம் முன்பு தோற்ற அமெரிக்க ஆண்கள் நியூயார்க்கில் ஒரே அறையில் கூடி, விடிய விடிய நிலையை அலசி, போன் போட்டு நகர்த்தல்களைச் சொல்கிறார்கள். அவள் வெல்கிறாள். போர்கோவ் எழுந்து, தன் ராஜாவை அவள் கையில் கொடுத்து, அணைத்துக்கொள்கிறார். மாஸ்கோ மக்கள் ஆரவாரம் செய்கிறார்கள். அதுவரை பெத்தை வாட்டிய குடியும் பச்சை மாத்திரையும் காணாமல் போகின்றன. நிஜத்தில் இப்படி எல்லாம் கூடிவருமா என்பது கேள்வி. தேவதைக் கதை என்பது தீர்ப்பு.

முதலில் அந்தப் போன் அழைப்பு. எல்லோரும் முகம் சுளிக்கும் இடம் இதுதான். ஒரு பெண் தன் மிகப் பெரிய வெற்றியைக்கூட ஆண்களின் உதவியோடுதான் பெற வேண்டுமா என்று கேட்கிறார்கள். இன்றைய செஸ்ஸை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த உதவி கிட்டத்தட்ட மோசடி போலவே தெரியும். ஆனால் அந்தக் காலத்து ஆட்டமுறை வேறு. ஐந்து மணி நேரம் ஆடியும் முடிவு வரவில்லை என்றால் ஆட்டத்தை ஒத்திவைப்பார்கள். அடுத்து நகர்த்த வேண்டியவர் தன் நகர்த்தலை யாருக்கும் காட்டாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிடுவார். மறுநாள் உறையைப் பிரித்து அதிலிருந்து ஆட்டம் தொடரும். இடைப்பட்ட இரவு முழுக்க வீரரும் அவருடைய உதவியாளர்களும் அந்த நிலையைக் குடைந்துகொண்டே இருப்பார்கள். இது விதிக்கு உட்பட்டது. நல்ல உதவியாளர் கிடைப்பதே பாதி பலம் என்று கருதப்பட்டது. கணினிகள் வலுப்பெற்ற 1990களில்தான் இந்த வழக்கம் மறைந்தது.

1962இல் பல்கேரியாவின் வார்னா நகரில் நடந்த ஒலிம்பியாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 19 வயது பாபி ஃபிஷரும் உலகச் சாம்பியன் போட்வின்னிக்கும் மோதினார்கள். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டபோது ஃபிஷரின் கை ஓங்கியிருந்தது. அன்றிரவு சோவியத் அணியே உட்கார்ந்து நிலையை ஆராய்ந்தது. தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் கெல்லர். மறுநாள் ஆட்டம் டிராவில் முடிந்தது. கதை அதோடு முடியவில்லை. தான் வென்றிருக்க முடியும் என்று ஃபிஷர் பின்னர் தன் புத்தகத்தில் ஒரு வழியைக் காட்டினார். போட்வின்னிக் அந்த நிலையைத் தன் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார். ஃபிஷர் காட்டிய வழியிலும் டிரா செய்யலாம் என்று கண்டுபிடித்தவன் 13 வயதுச் சிறுவன் காரி காஸ்பரோவ். ஒரே ஓர் ஆட்டம், எத்தனை மூளைகள், எத்தனை ஆண்டுகள்! போட்வின்னிக் ஏமாற்றிவிட்டார் என்று யாராவது சொன்னார்களா? அவர் ஆண்மைக்கு இழுக்கு என்றார்களா? பெத்துக்கு அதே உதவி கிடைத்தால் மட்டும் அவள் வெற்றி ஏன் இளைத்துப்போக வேண்டும்?

தொடர் இதை முன்பே விதைத்திருக்கிறது. சோவியத் வீரர்கள் ஓர் அணியாக உழைக்கிறார்கள், குறிப்பாக ஒத்திவைப்பின்போது; நாம்தான் தனித்தனியாகக் கிடக்கிறோம் என்று சக ஆட்டக்காரனும் நண்பனுமான பென்னி வாட்ஸ் அவளிடம் சொல்கிறான். பெத்தின் உண்மையான பலவீனம் அங்கே சுட்டப்படுகிறது. அவள் கணக்கில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. உதவியை வாங்கத் தெரியாதவள். மெத்யூன் அனாதை இல்லத்தின் அடித்தளத்தில் அவளுக்குச் செஸ் கற்றுக்கொடுத்த துப்புரவுப் பணியாளர் ஷைபலிடம் முதல் போட்டிக்காக ஐந்து டாலர் கேட்டு எழுதுகிறாள், பத்தாகத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்கிறாள். அவர் அனுப்புகிறார். அவள் திருப்பவே இல்லை. அவர் இறந்தபின் அந்த அடித்தளத்துக்குப் போகிறாள். சுவர் முழுக்க அவளைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகள், கூடவே இருவரும் நிற்கும் ஒரு புகைப்படம். இத்தனை காலம் ஒரு மனிதர் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. தொடரின் உச்சகட்டம் எது என்று கேட்டால் மாஸ்கோ என்று சொல்ல மாட்டேன். இந்தச் சுவரைத்தான் சொல்வேன். அந்தச் சுவரைப் பார்த்தவள்தான் மாஸ்கோவில் போனை எடுக்கிறாள். சட்டம் படிப்பதற்காகச் சேர்த்த பணத்தை அனாதை இல்லத் தோழி ஜோலீன் பயணத்துக்குக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளக் கற்றவளும் அவள்தான்.

இன்னொன்றையும் கவனிக்கத் தவறுகிறார்கள். நண்பர்கள் சொன்ன நகர்த்தல்கள் ஓர் இடம் வரைதான் போகின்றன. அவர்கள் கணக்கில் வராத ஒன்றைப் போர்கோவ் ஆடிவிடுகிறார். அதற்கு மேல் போன் கிடையாது, பென்னி கிடையாது. அவள் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறாள். சிறுவயதில் மாத்திரை விழுங்கிய இரவுகளில் கூரையில் தோன்றிய அந்தப் பலகை, இப்போது மாத்திரை இல்லாமலே விரிகிறது. வெற்றியை அங்கிருந்துதான் எடுக்கிறாள். ஆண்கள் வென்றுகொடுத்தார்கள் என்று சொல்பவர்கள் அந்தக் காட்சியில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவில்லை.

அடுத்தது போர்கோவின் அணைப்பு. தோற்ற சோவியத் சாம்பியன் அமெரிக்கரைக் கட்டிக்கொள்வதெல்லாம் கற்பனை என்கிறார்கள். 1972 ஜூலையில் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ராஜாவின் சிப்பாயைத் தள்ளியே பழக்கப்பட்ட ஃபிஷர், அன்று எல்லோரும் வியக்கும்படி வேறு பாதையில் தொடங்கினார். ஆட்டம் குயின்ஸ் கேம்பிட்டில் போய் நின்றது. ஃபிஷர் வென்றார். அரங்கம் கைதட்டியது. தோற்ற போரிஸ் ஸ்பாஸ்கியும் எழுந்து நின்று கைதட்டினார். பனிப்போர்க் காலம் அது. அவருக்குப் பின்னால் ஒரு அரசாங்கமே நின்று பதில் கேட்கும் என்று தெரிந்தும் தட்டினார். 32 ஆண்டுகள் கழித்து, 2004இல் ஃபிஷர் ஜப்பானில் தடுத்துவைக்கப்பட்டபோது இதே ஸ்பாஸ்கி அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார். தன்னையும் கைது செய்து ஃபிஷர் இருக்கும் அறையிலேயே அடைத்து, கூடவே ஒரு செஸ் பலகையும் கொடுக்கும்படி கேட்டார். இப்படி ஒரு காட்சியைத் தொடரில் வைத்திருந்தால் நம் விமர்சகர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? போர்கோவின் அணைப்பு நிஜத்தைவிட அடக்கமானது.

அதுவும் திடீரென்று வந்ததில்லை. மெக்சிகோவில் ஒரு லிஃப்டில், அவளுக்கு ரஷ்ய மொழி தெரியாது என்று நினைத்துச் சோவியத் வீரர்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவள் அனாதை, பிழைத்து வந்தவள், நம்மைப் போன்றவள் என்கிறார் போர்கோவ். அவளைத் தன் இனமாக அவர் முதலிலேயே அடையாளம் கண்டுவிட்டார்.

மாஸ்கோ மக்கள் அமெரிக்கரைக் கொண்டாடுவார்களா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1958இல் அங்கே நடந்த முதல் சாய்கோவ்ஸ்கி இசைப்போட்டியில் டெக்சாஸிலிருந்து வந்த இளைஞர் வான் கிளைபர்ன் வென்றார். மாஸ்கோ அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. தங்களுக்குப் பிரியமான கலையை ஒருவர் உயரத்துக்குக் கொண்டுபோனால் அவர் கடவுச்சீட்டை யாரும் பார்ப்பதில்லை. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் நடத்திய டால் செஸ் கிளப், நகரின் சோவியத் கலாச்சார மையத்தில்தான் இயங்கியது. சோவியத் வீரர் மிகெயில் டால் பெயரில் இயங்கிய அந்த இடத்தில், வென்றவர் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை என்ற முறையில் மின்னல் வேக ஆட்டங்கள் ஆடி வளர்ந்த சிறுவன்தான் விஸ்வநாதன் ஆனந்த். சோவியத் செஸ் தன் பலகையை அந்நியருக்கு மறைக்கவில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி.

குடிக்கும் மாத்திரைக்கும் வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் இது. “இவ்வளவு அடிமையானவள் இப்படி மீள முடியுமா? அவள் விழுந்திருந்தால் நம்பலாம்” என்கிறார்கள். விழுந்தால்தான் நிஜம் என்பது எங்கிருந்து வந்தது? செஸ் மேதை என்றால் பித்துப்பிடித்துச் சாக வேண்டும் என்று இலக்கியம் நூறாண்டாகச் சொல்லிக்கொடுத்த பாடத்திலிருந்து வந்தது. நபகோவின் லூஷின் ஜன்னலிலிருந்து குதித்துவிடுகிறான். ஸ்வைக்கின் கதையில் சிறையில் தனக்குத்தானே ஆடிய மனிதர் மனம் கலங்கிப்போகிறார். மார்ஃபி, ஸ்டைனிட்ஸ், ரூபின்ஸ்டைன், ஃபிஷர் என்று நிஜப் பெயர்களையும் அந்த வரிசையில் கோத்துவைத்திருக்கிறோம். தேய்ந்துபோன அச்சு எது என்று இப்போது சொல்லுங்கள். எழுந்து நிற்கும் பெண்ணா, விழுந்து கிடக்கும் மேதையா? நல்ல மனதோடு, நல்ல தூக்கத்தோடு பல்லாண்டு ஆடி ஓய்வுபெற்ற நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களைப் பற்றி யாரும் நாவல் எழுதுவதில்லை. அதனால் அவர்கள் பொய்யாகிவிடுவார்களா?

மூல நாவலை 1983இல் எழுதிய வால்டர் டெவிஸ் இந்த விஷயத்தில் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியவர் இல்லை. சிறுவயதில் இதய நோய்க்காக ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விடப்பட்டார். பெற்றோர் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்துவிட, அவருக்குக் காப்பகத்தில் கடுமையான மயக்க மருந்துகள் கொடுக்கப்பட்டன. மெத்யூன் இல்லத்தில் குழந்தைகள் வரிசையில் நின்று வாங்கும் மாத்திரை எங்கிருந்து வந்தது என்று இனி சொல்ல வேண்டியதில்லை. பெரியவரான பின் குடி அவரைப் பிடித்தது. 1963இல் ‘தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்’ வெளிவந்தது. அடுத்த நாவலான ‘மாக்கிங்பேர்ட்’ வந்த ஆண்டு 1980. இடையில் 17 ஆண்டுகள். குடியை விட்டபின்தான் மறுபடி எழுதினார். ‘தி குயின்ஸ் கேம்பிட்’ நாவல் வெளிவந்த மறு ஆண்டே, 1984இல், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். மீண்டு வந்த ஒரு மனிதர், தனக்கு மிஞ்சியிருந்த கொஞ்ச காலத்தில், மீண்டு வரும் ஒரு பெண்ணை எழுதினார். அதைத் தேவதைக் கதை என்று சோபாவில் உட்கார்ந்து சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அதோடு, அவள் குணமாகிவிட்டாள் என்று தொடர் எங்குமே சொல்லவில்லை. சில நாட்கள் காட்டுகிறது. அந்த நாட்களில் அவள் தெளிந்திருக்கிறாள். ஊர் திரும்பிய பின் என்ன ஆனது, பத்தாண்டு கழித்து என்ன ஆனது என்பதற்குள் கேமரா போகவே இல்லை. குடியை விட்டவர்கள் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அவர்களும் இன்று என்ற ஒரு நாளைத்தான் கணக்கில் வைப்பார்கள்.

வேறு வகையான ஒரு விமர்சனம் இருக்கிறது. அதைச் சொன்னவர் யார் என்பதாலேயே மரியாதையோடு நின்று கேட்க வேண்டியது. பெத்திடம் ஆண்கள் மிக நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள், தன் அனுபவம் அப்படி இல்லை என்றார் யூதித் போல்கர். 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டராகி ஃபிஷரின் சாதனையை முறியடித்தவர், உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை ஏறியவர். பெண்களால் ஆண்களுக்கு இணையாக ஆட முடியாது என்று பேசிவந்த காஸ்பரோவை 2002இல் மாஸ்கோவில் அதிவிரைவு ஆட்டமொன்றில் தோற்கடித்தவர். அவர் சொல்வது உண்மை. அவருக்கு முன்பே 1929இல், செக் நாட்டின் கார்ல்ஸ்பாட் போட்டிக்குப் பெண் ஆட்டக்காரர் வேரா மென்சிக் வந்தபோது, அவரிடம் தோற்பவர்களை எல்லாம் ‘வேரா மென்சிக் கிளப்’பில் சேர்த்துவிடலாம் என்று ஆல்பர்ட் பெக்கர் கேலி பேசினார். முதல் உறுப்பினராக ஆனவரும் அவரே. தொடர் இந்த அவமதிப்புகளின் கூர்மையை மழுக்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போல்கரின் குறை தொடர் முழுவதற்குமானது. முடிவை மட்டும் பிடித்து ஆட்ட அதை எடுத்துக்கொள்ள முடியாது. முடிவில் உதவ வருபவர்கள் பொதுவாக ‘ஆண்கள்’ இல்லை. அவளிடம் நேருக்கு நேர் தோற்று, அந்தத் தோல்வியைச் செரித்துக்கொண்ட சிலர். அப்படிப்பட்டவர்களும் செஸ் உலகில் இருந்தார்கள்.

தொடரின் கடைசிப் பகுதியில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அது இவர்கள் யாரும் கைவைக்காத இடத்தில் இருக்கிறது. மாஸ்கோ போட்டியில் பெத் ஆடும்போது வர்ணனையாளர் ஒருவர் அவளுடைய பெருமையைச் சொல்ல ஒப்பீடு தேடுகிறார். நோனா கப்ரிந்தாஷ்விலி என்று ஒரு பெண் சாம்பியன் இருக்கிறார், ஆனால் அவர் ஆண்களோடு ஆடியதே இல்லை என்கிறார். பார்வையாளர் வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கேமரா காட்டுகிறது. நோனா கற்பனைப் பாத்திரம் கிடையாது. ஜார்ஜியாவில் 1941இல் பிறந்தவர். 1962 முதல் 1978 வரை பெண்கள் உலகச் சாம்பியன். கதை நடக்கும் 1968க்குள் ஆண் ஆட்டக்காரர்கள் பலரோடு, கிராண்ட்மாஸ்டர்கள் உட்பட, மோதியிருந்தார். 1977இல் அமெரிக்காவின் லோன் பைனில், ஆண்கள் நிறைந்த பலமான போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். இதில் மிகவும் உறுத்துவது, டெவிஸின் நாவல் அவரை அப்படிச் சொல்லவில்லை. ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்களைப் பலமுறை எதிர்கொண்டவர் என்றுதான் அதில் வருகிறது. தொடர் அதைத் தலைகீழாக்கியது. 2021இல் நோனா 50 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2022இல் சமரசம் ஆனது.

முடிவு மிக இனிப்பாக இருக்கிறது என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: தொடர் எங்கே பொய் சொன்னது? ஒருவருக்கொருவர் கைகொடுத்த இடத்திலா? கைகொடுத்த ஒவ்வொரு காட்சிக்கும் வரலாற்றில் ஈடு இருக்கிறது. பெத்தைத் தனி ஒருத்தியாக, முன்னால் யாருமே நடக்காத பாதையில் வந்தவளாகக் காட்ட ஆசைப்பட்ட அந்த ஒற்றை வரியில்தான் அது பொய் சொன்னது. தன் கதை கற்றுக்கொடுத்ததைத் தானே மறந்த இடம் அது. அதைக் கவனிக்காமல் போன் அழைப்பைக் குறைசொல்லும் விமர்சகர்களும் அதே தனிமையைத்தான் கேட்கிறார்கள். யாருடைய உதவியும் இல்லாமல், யாருக்கும் பின்னால் வராமல், ஒருத்தி மட்டும் தனியாக வெல்ல வேண்டும். அப்படி ஒரு ஆள் செஸ்ஸில் இருந்ததே இல்லை. பெத் போர்கோவோடு ஆடும் அந்தக் கடைசி ஆட்டமே இரவல். 1993இல் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் வாசில் இவான்சுக்கும் பேட்ரிக் வூல்ஃபும் ஆடி டிராவில் முடிந்த ஆட்டம் அது. வெள்ளைக்கு வெற்றி தேடித்தரும் வேறொரு வழியைக் காட்டி அதைத் தொடருக்காக மாற்றியவர் காஸ்பரோவ். வார்னா ஆட்டத்தில் ஃபிஷரின் கணக்கைத் திருத்திய அதே சிறுவன்.

போர்கோவை வென்றதும் தொடர் அங்கேயே முடிந்திருந்தால், சினிமாத்தனம் என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்திருப்பேன். முடியவில்லை. அரசாங்க அதிகாரியோடு விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பெத் காரை நிறுத்தி இறங்கிவிடுகிறாள். வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாகப் பூங்காவுக்குள் நடக்கிறாள். பெஞ்சுகளில் கிழவர்கள் பலகை விரித்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவளை அடையாளம் கண்டு சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவர் தன் எதிரே உட்காரச் சொல்கிறார். அவள் உட்கார்ந்து, அவர் மொழியில், ஆடுவோம் என்கிறாள். பரிசு இல்லை, பத்திரிகையாளர் இல்லை, தரவரிசை இல்லை. அடித்தளத்தில் ஷைபல் எதிரே உட்கார்ந்த சிறுமி இப்போது இன்னொரு கிழவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

நோனாவும் பட்டத்தை இழந்ததோடு எழுந்து போய்விடவில்லை. மூத்தோருக்கான உலகப் போட்டிகளில் பலமுறை வென்றார். தன் எழுபது வயதுகளின் கடைசியிலும் வந்து உட்கார்ந்து, எதிரே இருப்பவரோடு கைகுலுக்கி, கடிகாரத்தை அழுத்தினார்.